விருப்பம் உள்ளவர்கள் சேரலாம்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைகள் மட்டும் ஏழு இருந்தன. மூலையில் இருந்தது ஏழிலும் பழையது. முன்பக்கம் கடைக்காரர் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். பின்பக்கம் ஒரு சின்ன அறை. நடுச்சுவரில் புத்தகம் போகும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. காலையில் பவர் எழுதிய சீட்டும் ஃபிரேமும் ஒரு தட்டில் அந்த வழியாக உள்ளே போகும். சாயங்காலத்துக்குள் கண்ணாடியாகத் திரும்பி வெளியே வரும். உள்ளே இருந்து அதைச் செய்தவளைத் தெருவே கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கே கண்ணாடி கிடையாது. அதைச் சொல்லிக் கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார், ஏதோ அவர்தான் அவளுக்குக் கண் வைத்தது மாதிரி.

லென்ஸில் நடுப்புள்ளி குறிப்பாள். ஃபிரேமின் வடிவத்தை வரைவாள். பிறகு தண்ணீர் சொட்டும் கல் சக்கரத்தில் ஓரத்தைக் கொடுத்துத் தேய்ப்பாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் அந்த அறையில் வேறு சத்தத்துக்கு இடமில்லை. வெள்ளைச் சேறு மாதிரி கண்ணாடித் தூள் வழிந்து வாளியில் விழும். விரல் நுனிகளில் மெல்லிய கீறல்கள் எப்போதும் இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் மட்டும் அவை இருப்பது தெரியும். சீட்டில் ஆளின் பெயர் இருக்காது. எண்ணும் பவரும்தான். பதினாலு வருஷத்தில் ஊரில் பாதிப் பேரின் கண் அவள் கை வழியாகப் போயிருக்கும். அவர்களில் பத்துப் பேரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

அம்மா போனபோது அவளுக்கு இருபத்து மூன்று வயசு, தம்பிக்கு எட்டு. அப்பா அதற்கும் முன்னாலேயே ஒருநாள் வேலைக்கென்று கிளம்பி, வேலைக்கும் போகாமல் வீட்டுக்கும் வராமல் போனவர். மாடியில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போட ஒரு கம்பி. அதில் இரண்டு பேரும் இருந்தார்கள். தம்பி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றே தெருவில் அவன் டாக்டர் தம்பி ஆகிவிட்டான். முதல் வருஷத்தில் எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவனிடம் கீழ்வீட்டுக்காரர் மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்.

இப்போது அவன் மூன்றாம் வருஷத்தை முடித்திருந்தான். இன்னும் ஒரு வருஷம். கடைசி வருஷத்துக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அறை கொடுப்பார்கள். அந்த அறைக்காக அவனைவிட அவள்தான் காத்திருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நில அளவை வேலை பார்க்கும் ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு வந்து கடைக்காரரோடு வாக்குவாதம் செய்தார். சக்கரத்தை நிறுத்தியிருந்த நேரம். பேச்சு ஓட்டை வழியாக உள்ளே வந்தது.

"கம்பத்தை நேரா நட்டா சாஞ்சு தெரியுதுங்க. நான் நட்டதுதான் தப்போன்னு ரெண்டு நாளா மறுபடி மறுபடி அளந்துட்டேன்."

"புதுக் கண்ணாடின்னா அப்படித்தான் சார் இருக்கும். பழகிடும்."

"எது பழகிடும்? கோணலா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடியை வாங்கி இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். "வலது கண்ணுல அச்சு நாலு டிகிரி தள்ளியிருக்கு. தப்பு என்னோடதுதான். நாளைக்கு வாங்க, மாத்தித் தரேன்" என்றாள்.

கடைக்காரருக்கு முகம் சுண்டிப் போயிற்று. அளவைக்காரரோ சிரித்துவிட்டார். "எங்க ஆபீஸ்ல பத்தடி தப்பையே ஒத்துக்க மாட்டாங்க. நாலு டிகிரிய ஒத்துக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான்."

அவருக்கு நாற்பத்து நாலு வயசு. மனைவி இறந்து ஆறு வருஷம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த ரொட்டிக் கடையில் இருவரும் டீ குடித்தார்கள். அவர் அளந்த இடங்களைப் பற்றிச் சொல்வார். அவள் கேட்பாள். சில நாள் அவள் சொல்வாள். அவளுக்குச் சொல்வதற்கு இத்தனை இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது அவருக்கு மாற்றல் வந்தது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் புதுத் துறைமுகம் கட்டுகிறார்கள். ஐந்து வருஷ வேலை, குடியிருக்க இரண்டு அறை வீடு. "நீங்களும் வரீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். "தம்பி கடைசி வருஷம் போயிடட்டும். அடுத்த மாசம் அவனுக்கு ரூம் கிடைச்சிடும்" என்றாள். அதுதான் அவளுடைய சம்மதம். அவருக்கும் அது புரிந்தது.

தம்பியிடம் சொல்ல ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். அவனுக்குப் பிடிக்குமே என்று உருளைக்கிழங்கை வெண்ணெயில் வறுத்தாள். வெளியே மழை. அவன் படியேறி வரும்போதே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். சட்டை நனைந்திருந்தது, கையில் இருந்த காகிதம் மட்டும் நனையவில்லை. அதைப் பனியனுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, இதப் படி. இல்ல, நானே சொல்றேன். காலேஜ்ல ஒரு திட்டம். ஆராய்ச்சித் திட்டம். நாப்பது பேரை எடுக்கிறாங்க. ஒரு வருஷம் பாடத்தை நிறுத்தி வெச்சுட்டு, ஒரே ஒரு கேள்விய எடுத்துக்கிட்டு அதோட பின்னாலயே போகணும். கூட வழிகாட்ட ஒரு பேராசிரியர். வாரத்துல ரெண்டு சாயங்காலம் தனி வகுப்பு. கணக்கு, பழைய மருத்துவ வரலாறு, ஒரு கட்டுரைய எப்படி நம்பாம படிக்கிறதுன்னு..."

"நம்பாம படிக்கவா?"

"ஆமா, அதுதான் முக்கியமாம்."

"கட்டாயமா?"

"சேச்சே. விருப்பம் உள்ளவர்கள் சேரலாம்னு போட்டிருக்கு பாரு."

"சேராட்டி?"

"ஒண்ணும் ஆகாது. எல்லாரையும் மாதிரி பாஸ் பண்ணி டாக்டராயிடலாம்."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். "அப்ப கடைசி வருஷம் ஒரு வருஷம் தள்ளிப் போகுமா?"

"ஆமா. அது மட்டும்தான்."

"ரூம்?"

"அது கடைசி வருஷத்துக்காரங்களுக்குத்தான். இந்த வருஷம் இங்கேருந்தே போயிக்கலாம். உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

கிழங்கு ஓரம் கருக ஆரம்பித்திருந்தது. அவள் அதைப் புரட்டினாள்.

"உன் கேள்வி என்ன?"

அவன் ஈரத்தலையோடு தரையில் உட்கார்ந்தான். "வார்டுல வயசானவங்களைக் குணமாக்கி அனுப்பறோம். ஒரு மாசத்துக்குள்ள சில பேர் திரும்ப வந்துடறாங்க. அதே மூச்சுத் திணறல், அதே கால் வீக்கம். தனியா இருக்கிறவங்கதான் சீக்கிரம் திரும்பி வராங்களா? அவங்க வீட்டுக்கே போய்ப் பாக்கணும்க்கா. வார்டுல பாக்கிறது பாதிதான்."

சொல்லும்போது அவன் முகத்தில் எட்டு வயசு இருந்தது. காகிதத்தில் 'குடும்பத்தார் கையெழுத்து' என்று போட்டிருந்த கோட்டின் மேல் அவள் கையெழுத்துப் போட்டாள். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவைக்காரரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. டீயை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"தம்பிக்கு இருபத்திரண்டு வயசு ஆகுது இல்ல?"

"ஆமா."

"சோறு வடிக்கத் தெரியும்?"

"தெரியும். என்னைவிட நல்லா வடிப்பான்."

"அப்புறம்?"

"ஒரு வருஷம்தானே" என்றாள்.

"ஒரு வருஷம்தான். ஆனா நான் அளக்கிறவன். ஒரு வருஷம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும்." டீயை மறுபடி பக்கத்தில் இழுத்து, "தம்பிகிட்ட சொல்லிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொல்லாமயே அவரு தடையா நிக்கிறாரா? பாவம் அவரு."

அந்த மாதக் கடைசியில் அவர் போனார். முதலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியம் போன் வந்தது. காற்றுச் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்கும். இன்னைக்கு மழை, அங்க மழையா, சாப்பிட்டாச்சா. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. ஒருநாள் மணி அடித்தபோது அவள் ஈரக்கையோடு நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்து ஓய்ந்தது. அதற்கப்புறம் அடிக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

தம்பிக்கு வருஷம் பறந்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் அறுபத்திரண்டு வீடுகள் அவன் கணக்கில் இருந்தன. பஸ்ஸிலும் நடந்தும் போவான். ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டுக்குப் பக்கத்தில் காகிதங்களை வைத்துக்கொண்டு சொல்வான்.

"ஒரு அம்மா தினம் ஒரு முட்டை வாங்கறாங்கக்கா. ஒரே ஒரு முட்டை. ஏம்மா, ஒரு டஜனா வாங்கிக்கலாம்லன்னு கேட்டேன். டஜனா வாங்கினா பன்னெண்டு நாளைக்கு யாரோட பேசறதுன்னு கேக்கறாங்க."

"சரியாத்தானே கேட்டிருக்காங்க."

"எழுதி வெச்சிருக்கேன். எங்க வழிகாட்டி மேடம் அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டாங்க."

சொல்லி முடித்ததும் காகிதத்துக்குள் போய்விடுவான். அவள் தட்டுகளைக் கழுவுவாள். ஒரே அறையில் இரண்டு விளக்குகள் எரியும்.

எட்டு மாதம் முடிந்தபோது வழிகாட்டிப் பேராசிரியை அவனிடம், தனியாக இருப்பவர்களை மட்டும் கேட்டால் போதாது, குடும்பத்தோடு இருப்பவர்களையும் கேட்டால்தான் ஒப்பிட முடியும் என்றார். அவன் கேள்வித்தாளைக் கொஞ்சம் மாற்றினான். கேட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று யாரிடமாவது சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை விட்டு, ஜன்னல் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்த நேரம், அவன் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டான்.

"நீதான் எனக்குக் கிடைச்ச குடும்பத்தோட இருக்கிற ஆள். இருபது கேள்வி. நிஜமாச் சொல்லணும். நான் உன் தம்பி இல்ல, ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கேன்."

"வாங்க டாக்டர், டீ சாப்பிடறீங்களா?"

"விளையாடாத. நேரம் பாக்கறேன். நேத்து எத்தனை பேரோட பேசினீங்க?"

"கடைக்காரர் சீட்டை நீட்டும்போது 'அவசரம்'னு சொல்வாரே, அதைச் சேக்கலாமா?"

"அஞ்சு வார்த்தைக்கு மேல இருக்கணும்."

"அப்ப ஒண்ணு. நீ."

"நான் நேத்து ராத்திரி லேட்டா வந்தேனே. நீ தூங்கிட்டியே."

"அப்ப யாரும் இல்ல."

அவன் எழுதினான். "கடைசியா வீட்டுக்கு விருந்தாளி வந்தது எப்போ?"

"கீழ்வீட்டுக்காரர் உன்கிட்ட மாத்திரை கேட்டு வந்தார்."

"உங்களைப் பாக்க."

"என்னைப் பாக்கவா? அப்படி யாரும் வந்ததில்ல."

ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனான். முதலில் சிரித்துச் சிரித்துத்தான் பதில் சொன்னாள். பதினொன்றாவது கேள்வியில் சிரிப்பு நின்றது. அவன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்ததால் அது அவனுக்குத் தெரியவில்லை.

"உடம்புக்கு முடியலன்னா மொதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அக்கா, ஏதாவது ஒரு ஆளைச் சொல்லணும். நான் இல்லையா?"

"நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவன்னு சொன்னியே. தம்பிய எதுக்கு இழுக்கிற?" கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "போன வருஷம் கேட்டிருந்தா ஒருத்தரைச் சொல்லியிருப்பேன்."

பேனா நின்றது. "யாரை?"

அவள் சொன்னாள். நாலு டிகிரியிலிருந்து ஆரம்பித்து, அடித்து ஓய்ந்த போன் வரைக்கும் சொன்னாள். பெரிதாக ஒன்றும் இல்லாதது போல, யாரோ இருவரைப் பற்றிச் சொல்வது போல. அவன் கேட்டு முடித்துவிட்டுப் பழக்கத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் போட்ட எண்களைக் கூட்டினான். நாற்பதுக்கு முப்பத்தொன்று. மொத்தம் ஏற ஏற தனிமை அதிகம் என்று அர்த்தம். அவன் பார்த்த அறுபத்திரண்டு பேரில் அதிகம் வாங்கியவர் இருபத்தொன்பது. அது முட்டை வாங்கும் அம்மா.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" அவன் தாளைக் கீழே வைத்தான். "நான் என்ன உன் கழுத்தையா பிடிச்சுக்கிட்டு நின்னேன்? கட்டாயம் இல்லன்னுதானே சொன்னேன்."

"நீ சொன்ன. நான்தான் கட்டாயம்னு எடுத்துக்கிட்டேன்."

"ஊர்ல இருக்கிற கிழவங்க வீட்டுக்கெல்லாம் போய் எத்தனை பேரோட பேசினீங்கன்னு கேட்டுட்டு வரேன். இங்க..." எழுந்து போய்ச் சமையல்கட்டில் நின்றுகொண்டான். குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

மறுநாள் மதியம் அவன் கண்ணாடிக் கடைக்குப் போனான். இத்தனை வருஷத்தில் கடையின் பின்னறைக்குள் அவன் வந்ததே இல்லை. அவள் முதுகு தெரிந்தது. சக்கரச் சத்தத்தில் அவன் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து, லென்ஸைத் திருப்பித் திருப்பி, தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு ஆணியில் அவளுடைய துண்டு. ஒரே ஒரு முக்காலி. வருகிறவர் உட்கார இரண்டாவது இருக்கை இல்லை. அவன் கதவோரம் ரொம்ப நேரம் நின்றான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அங்கே அவளுக்கு என்றைக்கும் யாரும் இருந்ததில்லை.

லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பார்த்தாள். சக்கரத்தை நிறுத்தினாள். "என்னடா?"

"விலகிக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த வாரமே கடைசி வருஷத்துல சேத்துக்குவாங்க. ரூமும் கிடைச்சிடும்."

"போய்த் திரும்ப வாங்கிட்டு வா."

"முடியாது."

"முட்டை வாங்கற அம்மா வீட்டுக்கு அடுத்து எப்போ போகணும்?"

"வியாழக்கிழமை."

"நீ போகலன்னா அவங்க வாசல்லயே பாத்துக்கிட்டு இருப்பாங்க இல்ல?"

அவன் சக்கரத்தடி வாளியைப் பார்த்தான்.

"இங்க பாரு. இந்த வருஷம் போச்சு. அவரும் போயிட்டார். இப்போ நீயும் விட்டேன்னா, உன் அறுபத்திரண்டு பேரும் போவாங்க. எல்லாத்துக்கும் காரணம் நான்னு ஆகும். அதை வேற நான் சுமக்கணுமா?"

"அப்ப நான் அவருக்குப் போன் பண்ணிப் பேசட்டுமா?"

"நீ பேசினா நான் வீட்டை விட்டே போயிடுவேன்."

"அதுதானேக்கா வேணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. ஓட்டை வழியாகக் கடைக்காரரின் முகம் எட்டிப் பார்த்தது. அந்த அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து அவர் கேட்டதில்லை.

கடிதத்தை அவன் திரும்ப வாங்கினான். மிச்சமிருந்த நாலு மாதத்தில் குடும்பத்தோடு இருக்கும் இருபது முதியவர்களையும் பார்த்தான். கல்லூரி அரங்கில் அந்த நாற்பது பேரும் தங்கள் வேலையைச் சொன்ன நாளில், அவள் சீட்டுகளைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் நடு வரிசையில் உட்கார்ந்தாள். அவன் திரையில் கோடுகளைக் காட்டினான். தனியாக இருப்பதற்கும் திரும்பி வருவதற்கும் தான் நினைத்த அளவுக்குச் சம்பந்தம் தெரியவில்லை என்றான். வலி வந்தால் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. அப்படி ஒரு ஆள் இல்லாதவர்கள், மனிதர்கள் நிறைந்த வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தது கொஞ்சம் பேரைத்தான், என்னை நம்பாமல் படியுங்கள் என்று முடித்தான். அரங்கு சிரித்துக் கைதட்டியது. அக்காவின் தாள் அந்தக் கணக்கில் இல்லை. அதை அவன் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளாகத்து அறைக்குப் போனான். அதற்கடுத்த நாள் அவள் கடைக்காரரிடம் லீவு கேட்டாள். பதினைந்து வருஷத்தில் முதல் லீவு. அவர் பதறிப்போய், "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

துறைமுகத்தில் எல்லாமே காற்றாக இருந்தது. கற்குவியல், லாரி, தகரக் கொட்டகை, அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் கடல். விசாரித்துக்கொண்டே நடந்தாள். கரையோரம் மூன்று கால் தாங்கியின் மேல் அளவைக் கருவியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வேறு கண்ணாடி போட்டிருந்தார். ஃபிரேம் அவருடைய மூக்குக்குச் சரியாக உட்காரவில்லை என்பது அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

கொட்டகைக்குள் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"தம்பி எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கான். அவனைப் பத்திப் பேச வரல." அவள் டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ரயிலில் ஆறு மணி நேரமும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். "அன்னைக்கு அவன்தான் காரணம்னு சொன்னேன். அது பொய். அவன்கிட்ட சொல்லியிருந்தா அவனே பெட்டிய கட்டிக் குடுத்திருப்பான். எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த அறையை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது. அவன் அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்தப்போ, மனசுக்குள்ள ஒரு ஓரத்துல, அப்பாடான்னு இருந்துச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது.

"எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கே தெரியும்."

"இப்போ அந்தப் பயம் இல்ல. முழுசா இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வர முடியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. "இங்க வந்த புதுசுல அந்த ரெண்டாவது ரூமை நான் திறந்தே வெச்சிருந்தேன். நீங்க போன் எடுக்கலன்னதும் ஒருநாள் மேப் எல்லாத்தையும் அங்க அடுக்கினேன். அன்னைக்கு ராத்திரி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மறுநாள் கொஞ்சம் கம்மி. அப்படியே பழகிடுச்சு. வேற யாரும் இல்ல, தப்பா நினைக்காதீங்க. ஆனா திரும்ப ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு உக்கார என்னால முடியாதும்மா. நீங்க வந்துட்டாலும் நான் உள்ளுக்குள்ள காத்துக்கிட்டேதான் இருப்பேன், எப்போ போவீங்களோன்னு."

அவள் தலையை ஆட்டினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் முழுவதையும் குடித்தாள்.

வெளியே மேகம் கொஞ்சம் விலகி வெளிச்சம் வந்தது. அவர் எழுந்து பார்த்தார். "அளவுகோல் பிடிக்கிற ஆள் இன்னைக்கு வரல. இந்த வெளிச்சம் போறதுக்குள்ள கடைசிப் புள்ளிய அளந்தாகணும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"நான் பிடிக்கிறேன்."

"கனமா இருக்கும்."

"ரயிலுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

அவர் அந்த அளவுகோலைக் கொடுத்தார். அவளைப்போல இரண்டு ஆள் உயரம், சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டினார். அவள் கற்களின் மேல் கால் பார்த்து வைத்து, கரையின் நுனி வரைக்கும் நடந்தாள். வெள்ளைச் சுண்ணாம்பில் குறித்திருந்த இடத்தில் கோலை ஊன்றினாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

தூரத்தில் அவர் கருவிக்குக் குனிந்தார். வலது கையை மட்டும் தூக்கி, கொஞ்சம் இந்தப் பக்கம் என்று காட்டினார். அவள் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். நகர்த்தினாள். கை அப்படியே நின்றது. சரியாக இருக்கிறது, அசையாதீர்கள் என்று அர்த்தம். ஒருவர் தன்னை அவ்வளவு நேரம், அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பின்னால் அலை வந்து கல்லில் மோதி முதுகை நனைத்தது. அவள் அசையவில்லை.

அவர் நிமிர்ந்து நோட்டில் எழுதினார். பிறகு கையைத் தூக்கி, முடிந்தது என்று இறக்கினார்.